ஆங்கிலத்தின் 'தி' (the) எங்கே வரும், எங்கே வராது? தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். கல்லூரியில் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும், சொந்தமாக ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தேவை வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியபோதுதான் வந்தது. திருச்சியில் ஒரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தை அனுப்பும் முன், சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகனிடம் காட்டினேன். அண்ணன் 23 இடங்களில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். எண்ணிப் பார்த்தேன். அவற்றில் 16 வட்டங்கள் 'தி' என்ற ஒரே சொல்லுக்கானவை. வேண்டாத இடத்தில் போட்டிருந்தேன், வேண்டிய இடத்தில் விட்டிருந்தேன்.

அதன்பிறகு 4,500 ரூபாய் கட்டி இரண்டு மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். விதிகளையும் விதிவிலக்குகளையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் எந்த விதியை எங்கே பொருத்துவது என்று பிடிபடவில்லை. எனக்கு வழி காட்டியது நம் தமிழ்தான். 'தி' என்ற சொல் தமிழில் இல்லை. ஆனால் அந்தச் சொல் செய்கிற வேலையை நாம் தினமும் வேறு வகையில் செய்துகொண்டுதான் இருக்கிறோம். அதைக் கண்டுகொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காகப் படிப்படியாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

நீங்களே ஆங்கிலத்தில் எழுதிய மூன்று பக்கங்கள் வேண்டும். வேலை விண்ணப்பம், வங்கிக்கு எழுதிய கடிதம், கல்லூரியில் கொடுத்த விடுப்புக் கடிதம் என எதுவானாலும் சரி. பிழை இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பிழைதான் உங்களுக்கான பாடம். புத்தகத்தில் உள்ள பயிற்சிகளை நான் நூற்றுக்கணக்கில் செய்தும் கிடைக்காத தெளிவு, என் பழைய கடிதங்களைத் திருத்தியபோது கிடைத்தது.

அதோடு 80 பக்க நோட்டு ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று, ஒரு வாரத்து ஆங்கில நாளிதழ்கள். நாளிதழை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கிளை நூலகத்தில் கிடைக்கும். மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. பணம் கட்டிச் சேரும் வகுப்பை இந்த வேலை முடிந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

2. 'எந்த?' என்று கேளுங்கள்

உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் கீழும் கோடு போடுங்கள். படிக்கப்போகிறவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் 'எந்த?' என்று கேட்பாரா? கேட்பார் என்றால் 'தி' வராது. கேட்க மாட்டார், எது என்று அவருக்கே தெரியும் என்றால் 'தி' வரும்.

'ஐ பாட் ஏ கவ்.' ஒரு மாடு வாங்கினேன். எந்த மாடு என்று கேட்பவருக்குத் தெரியாது. அடுத்த வாக்கியம், 'தி கவ் கிவ்ஸ் ஃபோர் லிட்டர்ஸ் ஆஃப் மில்க்.' இப்போது எந்த மாடு என்று அவர் கேட்க மாட்டார். நான் வாங்கிய மாடுதான்.

முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றும் இல்லை. 'ஓபன் தி டோர்' என்றால் இந்த அறையின் கதவு. 'தி கலெக்டர்' என்றால் நம் மாவட்டத்துக்கு இருக்கும் ஒரே ஆட்சியர். சூரியன், நிலவு, வானம் எல்லாம் இப்படித்தான் 'தி' பெறுகின்றன. முதலாவது, கடைசி, ஒரே, அதே, மிகச் சிறந்த போன்ற சொற்கள் வந்தாலும் பொருள் ஒன்றுதான் என்று ஆகிவிடுவதால் 'தி' சேரும். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் விண்ணப்பத்தில் இதைக் கவனியுங்கள். 'ஐ ஆம் தி ஃபர்ஸ்ட் கிராஜுவேட் இன் மை ஃபேமிலி' என்பதே சரி. அங்கே 'ஏ' போட்டால் தவறு.

பின்னால் வரும் விளக்கமும் பெயரைக் கட்டிப்போடும். 'தி பேடி வீ ஹார்வெஸ்டட் இன் ஜனவரி' என்றால் தையில் அறுத்த அந்த நெல். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பின்னால் 'ஆஃப்' வந்தாலே முன்னால் 'தி' வரும் என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். அது தவறு. 'ஐ ஆம் ஏ ஸ்டூடண்ட் ஆஃப் திஸ் காலேஜ்' என்றுதான் எழுத வேண்டும். அதில் 'தி' போட்டால் அந்தக் கல்லூரியில் நீங்கள் ஒருவர் மட்டுமே மாணவர் என்று ஆகிவிடும்.

3. 'ஐ' உருபை வைத்துச் சோதியுங்கள்

எனக்குக் கண் திறந்த இடம் இதுதான்.

பஸ் கிளம்பும்போது அம்மா கேட்பார், 'டிக்கெட் எடுத்தாயா?' அப்படி என்றால் இனிமேல்தான் ஒன்று வாங்க வேண்டும். வீட்டிலிருந்து ரயிலுக்குக் கிளம்பும்போது கேட்பார், 'டிக்கெட்டை எடுத்தாயா?' அப்படி என்றால் நேற்றே வாங்கி மேசையில் வைத்த அந்த டிக்கெட். நடுவில் வந்த 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை உருபு ஒன்றுதான் வேறுபாடு. முதலாவது ஆங்கிலத்தில் 'ஏ டிக்கெட்', இரண்டாவது 'தி டிக்கெட்'. 'மாடு வாங்கினான்', 'மாட்டை வாங்கினான்' என்று சொல்லிப் பாருங்கள். 'வரப்பு வெட்டினார்கள்', 'வரப்பை வெட்டினார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். உருபு சேர்ந்ததும் 'அந்த' என்ற பொருள் தானாக வந்து உட்காருகிறது.

எழுவாயாக வரும் சொல்லுக்கு உருபு கிடையாது. அங்கே வரிசையைப் பாருங்கள். 'வயலில் மாடு நிற்கிறது' என்றால் ஏதோ ஒரு மாடு புகுந்துவிட்டது. 'மாடு வயலில் நிற்கிறது' என்றால் நம் மாடு, தேடிக்கொண்டிருந்த மாடு. முன்னதற்கு 'ஏ கவ்', பின்னதற்கு 'தி கவ்'.

ஆகவே ஆங்கிலத்தில் எழுதும் முன் அந்த வாக்கியத்தை ஒருமுறை தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தச் சோதனை இரண்டு இடங்களில் கைவிடும். ஒன்று, உயர்திணை. 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்று ஆட்களுக்கு ஏறக்குறைய எப்போதுமே 'ஐ' சேர்க்கிறோம். எனவே ஆட்களுக்கு இதை நம்பாதீர்கள், 'எந்த?' கேள்விக்கே திரும்புங்கள். இரண்டாவது, பொதுவான கருத்துகள். 'கல்வியை மதிக்கிறேன்' என்பதில் 'ஐ' இருக்கிறது. ஆங்கிலத்தில் 'தி' வராது. அதற்குத்தான் அடுத்த படி.

4. பொதுவாகப் பேசினால் 'தி' வேண்டாம்

நம்மில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். 'தி' போட்டால் ஆங்கிலம் கனமாக இருக்கும் என்ற எண்ணத்தில் எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒன்றை வைத்துவிடுகிறோம். என் 16 வட்டங்களில் 9 இந்த வகை.

'பேடி நீட்ஸ் வாட்டர்.' நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். உலகத்து நெல் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பேச்சு. 'தி' இல்லை. 'தி பேடி இன் அவர் ஃபீல்ட் நீட்ஸ் வாட்டர்.' எங்கள் வயல் நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். இது குறிப்பிட்ட நெல், 'தி' உண்டு. அதேபோல 'ஃபார்மர்ஸ்' என்றால் விவசாயிகள் என்ற இனம். 'தி ஃபார்மர்ஸ் ஆஃப் அவர் வில்லேஜ்' என்றால் எங்கள் ஊர் விவசாயிகள். வாழ்க்கை, கல்வி, நேர்மை, விவசாயம், தண்ணீர், அரிசி, பணம் போன்ற எண்ண முடியாதவற்றையும், எண்ணக்கூடியவற்றின் பன்மையையும் பொதுவாகச் சொல்லும்போது வெறுமனே விடுங்கள்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் அப்பா 62 சிப்பம் நெல் போட்டிருந்தார். மூன்று வாரமாகியும் கணக்கில் பணம் ஏறவில்லை. வங்கி மேலாளர் வட மாநிலத்திலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. நான் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் நெல் விற்றதைச் சொல்லிவிட்டு, அடுத்து 'மனி ஹாஸ் நாட் கம்' என்று எழுதியிருந்தேன். அவர் பாஸ்புத்தகத்தை வாங்கிப் பதிவிட்டுப் பார்த்துவிட்டு, பணம் வந்திருக்கிறதே என்று ஒரு வரியைக் காட்டினார். அது சமையல் எரிவாயு மானியம். 'தி மனி' என்று எழுதியிருந்தால், மேலே சொன்ன அந்த நெல்லுக்கான பணம் என்று வாக்கியமே அவருக்குச் சொல்லியிருக்கும். அப்பா வெயிலில் இன்னொரு நடை வர வேண்டியிருந்திருக்காது.

5. ஆறு, கடல், மலை, ஊர்

இடப்பெயர்களுக்குத் தனி வழக்கம் உண்டு. நம் டெல்டா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தால் மறக்காது.

ஆறுகளுக்கு 'தி' உண்டு. தி காவேரி, தி கொள்ளிடம், தி வெண்ணாறு, தி அரசலாறு, தி குடமுருட்டி. கால்வாய்க்கும் உண்டு, தி கிராண்ட் அணைக்கட் கெனால். கடலுக்கும் நீரிணைக்கும் உண்டு, தி பே ஆஃப் பெங்கால், தி பாக் ஸ்ட்ரெய்ட். தி காவேரி டெல்டா என்பதற்கும் உண்டு. ஏரிக்குக் கிடையாது, வீராணம் லேக் என்று மட்டும் எழுதுங்கள். மலைத்தொடருக்கு உண்டு, தி வெஸ்டர்ன் காட்ஸ், தி நீலகிரிஸ். தனிச் சிகரத்துக்குக் கிடையாது, தொட்டபெட்டா.

ஊர், மாவட்டம், மாநிலம், தெருவுக்குப் பொதுவாகக் கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர், தமிழ்நாடு, காந்திஜி ரோடு. நாடுகளுக்கும் பொதுவாகக் கிடையாது. சிங்கப்பூர், மலேசியா, குவைத், கத்தார் எல்லாம் வெறுமனே வரும். ஒன்றியம், முடியரசு, மாநிலங்கள் என்ற பொருள்கொண்ட சொல் பெயரிலேயே இருந்தால் 'தி' சேரும். தி யுனைடெட் ஸ்டேட்ஸ், தி யுனைடெட் கிங்டம், தி யுனைடெட் அரபு எமிரேட்ஸ். தீவுக்கூட்டமான தி மாலத்தீவ்ஸ் என்பதும் அப்படியே. துபாய்க்குக் கிடையாது, அது நகரம்.

கல்லணையை நினைவில் வையுங்கள், இந்த விஷயம் முழுவதும் அதிலேயே இருக்கிறது. தமிழ்ப் பெயரில் எழுதினால் அது தனிப்பெயர், 'கல்லணை' மட்டும் போதும். ஆங்கிலப் பெயரில் எழுதினால் பெரிய அணை என்ற பொதுச்சொல்லால் ஆன பெயர், 'தி கிராண்ட் அணைக்கட்' என்றாக வேண்டும். பெரிய கோயிலும் அப்படித்தான், 'தி பிக் டெம்பிள்'.

ரயிலின் பெயருக்கு 'தி' உண்டு, தி உழவன் எக்ஸ்பிரஸ், தி சோழன் எக்ஸ்பிரஸ். நிலையத்துக்குக் கிடையாது, தஞ்சாவூர் ஜங்ஷன்.

6. விண்ணப்பத்தில் வரும் பெயர்கள்

படித்த இடத்தின் பெயரில் தவறினால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். பெயர் முன்னால், யூனிவர்சிட்டி பின்னால் வந்தால் 'தி' வேண்டாம். தமிழ் யூனிவர்சிட்டி, அண்ணாமலை யூனிவர்சிட்டி. யூனிவர்சிட்டி முன்னால் வந்து 'ஆஃப்' தொடர்ந்தால் 'தி' வேண்டும், தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ். சான்றிதழில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சுருக்கப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னால் பெரும்பாலும் 'தி' வரும், தி ஆர்.பி.ஐ. (ரிசர்வ் வங்கி), தி எஃப்.சி.ஐ. (இந்திய உணவுக் கழகம்). ஒரே சொல்லாக உச்சரித்தால் வராது, நபார்டு, யுனெஸ்கோ. தனியார் நிறுவனங்களின் பெயர்கள் இந்த வழக்கத்துக்குள் வராது. அவர்கள் தங்கள் பெயரை எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதிவிடுங்கள்.

பெறுநர் முகவரியில் 'தி மேனேஜர்', 'தி டிஸ்ட்ரிக்ட் கலெக்டர்' என்று எழுதுவது நம் நாட்டு அலுவலக வழக்கம், அது சரிதான். அதையே விளிக்கும்போது எழுதாதீர்கள். 'டியர் தி மேனேஜர்' என்பது பிழை. மை, யுவர், திஸ் போன்ற சொற்களுக்குப் பக்கத்திலும் 'தி' நிற்காது.

7. பள்ளிக்கூடத்துக்கு இல்லை, கோயிலுக்கு உண்டு

படிக்கப் போனால் 'கோ டு ஸ்கூல்', 'கோ டு காலேஜ்'. தூங்கப் போனால் 'கோ டு பெட்'. போகிற நோக்கம் அந்த இடத்துக்கே உரியது என்பதால் 'தி' இல்லை. கட்டணம் கட்டவோ மகனை அழைத்துவரவோ போகிற அப்பாவுக்கு அது கட்டடம், அதனால் 'தி ஸ்கூல்'. ஆனால் கோயில், வங்கி, சந்தை, தபால் நிலையம் ஆகியவற்றுக்கு என்ன நோக்கத்துக்குப் போனாலும் பொதுவாக 'தி' உண்டு. மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பற்றி பிரிட்டிஷ் வழக்கில் 'இன் ஹாஸ்பிடல்' என்பார்கள், அமெரிக்க வழக்கில் 'இன் தி ஹாஸ்பிடல்' என்பார்கள். எது எழுதினாலும் கடிதம் முழுவதும் ஒன்றையே பின்பற்றுங்கள்.

8. காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்ய வேண்டியவை

சிலவற்றை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியதுதான். காலை, பிற்பகல், மாலைக்கு 'இன் தி' வரும். இரவுக்கு 'அட் நைட்' மட்டும். வாத்தியத்துக்கு உண்டு, தி நாதஸ்வரம், தி தவில், தி வீணை. விளையாட்டுக்குக் கிடையாது, கிரிக்கெட், கபடி. மொழிக்குக் கிடையாது, தமிழ். ஆனால் 'தி தமிழ் லாங்குவேஜ்' என்றால் உண்டு. பண்டிகைக்கும் சாப்பாட்டு வேளைக்கும் கிடையாது. தேதியை எழுதும்போது 'ஆன் 12 ஜூன்' என்று வெறுமனே எழுதுங்கள். வாயால் சொல்லும்போது 'தி ட்வெல்ஃப்த் ஆஃப் ஜூன்' என்று வரும்.

9. பொருளையே புரட்டிவிடும் இரண்டு இடங்கள்

'ஏ நம்பர் ஆஃப் ஃபார்மர்ஸ்' என்றால் பல விவசாயிகள். 'தி நம்பர் ஆஃப் ஃபார்மர்ஸ்' என்றால் விவசாயிகளின் எண்ணிக்கை. முன்னதற்குப் பின் 'ஆர்' வரும், பின்னதற்குப் பின் 'இஸ்' வரும்.

'மோஸ்ட் ஃபார்மர்ஸ்' என்றால் பெரும்பாலான விவசாயிகள். 'மோஸ்ட் ஆஃப் தி ஃபார்மர்ஸ்' என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் விவசாயிகளில் பெரும்பாலானவர்கள். இந்தப் பொருளில் 'தி மோஸ்ட் ஃபார்மர்ஸ்' என்று எழுதக் கூடாது. 'மோஸ்ட் ஆஃப் ஃபார்மர்ஸ்' என்பதும் தவறு. நான் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

10. எதைப் பார்த்துக் கற்கக் கூடாது

நாளிதழின் தலைப்பைப் பார்த்துக் கற்காதீர்கள். இடத்தை மிச்சப்படுத்த அவர்கள் 'ஏ', 'தி' போன்ற ஆர்ட்டிகிள்களை எடுத்துவிடுவார்கள். கீழே உள்ள செய்தியின் உடலைப் படியுங்கள். தலைப்பில் விடுபட்ட 'தி' எல்லாம் உள்ளே திரும்பி வந்திருக்கும். அவற்றைச் சிவப்புப் பேனாவால் தலைப்பில் நிரப்பிப் பாருங்கள், நல்ல பயிற்சி. நூலகப் பிரதியில் எழுதாமல் நோட்டில் எழுதிக்கொண்டு செய்யுங்கள். கடைப் பலகை, குறுஞ்செய்தி, படிவங்களில் உள்ள கட்டத் தலைப்புகள் ஆகியவையும் வேண்டாம்.

டைப்பிங் சென்டரில் தட்டச்சு செய்பவரை நம்பியும் விடாதீர்கள். அவர் வேகமாக அடிப்பார், உங்கள் வாக்கியத்தைத் திருத்துவது அவர் வேலையல்ல. ஒரு கடிதத்தை மூன்று முறை திருத்தி, பக்கத்துக்கு 30 ரூபாய் வீதம் 90 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கையால் எழுதிய தாளிலேயே திருத்தம் முழுவதையும் முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

11. எவ்வளவு நாள் ஆகும்?

நாளைக்கு அரை மணி நேரம் வீதம் ஆறு வாரம் எனக்குப் பிடித்தது. முதல் இரண்டு வாரம் 2, 3, 4 ஆகிய படிகளை மட்டும், பழைய கடிதங்களை வைத்துச் செய்யுங்கள். அவசரப்பட்டு இடப்பெயர்ப் பட்டியலுக்குத் தாவ வேண்டாம். அடிப்படை உறைக்காமல் பட்டியல் நிற்காது. மூன்றாவது வாரம் 5, 6. நான்காவது வாரம் மீதி. கடைசி இரண்டு வாரம் தினமும் பத்து வரி புதிதாக எழுதி, மறுநாள் காலையில் திருத்துங்கள். எழுதிய அன்றே திருத்தினால் பிழை கண்ணில் படாது.

விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பே கடிதத்தை எழுதி முடித்துவிடுங்கள். ஒரு பக்கத்தைச் சொல் சொல்லாகச் சோதிக்கத் தொடக்கத்தில் 40 நிமிடம் வரை ஆகும். பழகிய பிறகு பத்து நிமிடம்.

12. நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன்

எழுத்தில் ஒரே வடிவம்தான், உச்சரிப்பில் இரண்டு. பின்னால் உயிரொலி வந்தால் 'தி', மெய்யொலி வந்தால் குறுகிய 'த'. ஒலியைப் பாருங்கள், எழுத்தைப் பார்க்காதீர்கள். 'அவர்' என்று ஒலிக்கும் மணிநேரத்துக்கு 'தி அவர்'. 'யூ' என்று தொடங்கும் யூனிவர்சிட்டிக்கு 'த யூனிவர்சிட்டி'.

அந்தத் தகரம் 'தந்தை' என்பதன் முதல் எழுத்தைப் போல அழுத்தமாக வரக் கூடாது. 'அது' என்று மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டாவது எழுத்தில் நாக்கு பல்லை லேசாகத் தொட்டு, காற்று நழுவுகிறது அல்லவா, ஏறக்குறைய அந்த ஒலிதான் வேண்டும். 'அது' என்று சொல்லி, 'அ'வை விட்டுவிட்டு மீதியை மட்டும் இருபது முறை சொல்லிப் பழகுங்கள். பிறகு 'த காவேரி', 'தி அரசலாறு' என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். நான் அங்கேதான் பழகினேன்.